தூண் போல நின்ற சைப்ரஸ் நடுவில் விரிகிறது, நுனியை வெட்டலாமா?

கேட்டவர்:
ஏழு வருடம் முன்பு இடுப்பளவுக் கன்றாக நட்ட இத்தாலியன் சைப்ரஸ், இப்போது 5 மீட்டரைத் தாண்டிவிட்டது. போன வருடம் வரை மெழுகுவர்த்தி மாதிரி ஒல்லியாக நின்றது. இந்த மழைக்கு அப்புறம் நடுவில் மூன்று கிளைகள் வெளியே சாய்ந்து தொங்குகின்றன. விலக்கிப் பார்த்தால் உள்ளே இலையெல்லாம் பழுப்பு. என்றும் பசுமையான மரம்தானே இது? நுனியை வெட்டினால் கட்டுக்கோப்பாக வளருமா? ரொம்பக் கவலையாக இருக்கிறது.

பதில் 1:
தயவுசெய்து நுனியில் கை வைக்காதீர்கள். அந்தக் கூர்மை போனால் மரத்தின் உருவமே போய்விடும், பக்கக் கிளைகள் இன்னும் தடிக்கும். உள்ளே பழுப்பாவது இயல்புதான். வெயில் படாத பழைய இலைகள் காய்ந்து விழும், புதியவை வெளிப்புறத்தில் வரும். கிளை நுனி காய்ந்தாலோ, பட்டையில் பிசின் வடிந்தாலோதான் நோயைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு கிளைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஏதாவது ஊர்ந்தால் செம்பேன்.

கேட்டவர்:
தட்டினேன், வெறும் தூசி. பிசினும் இல்லை, நுனிகள் நல்ல பச்சை. ஆனால் சாய்ந்த கிளைகளில் காய்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் கோலிக்குண்டை விடப் பெரிது.

பதில் 2:
காரணம் அதுதான். இந்தக் காய் 3, 4 சென்டிமீட்டர் வரை பருக்கும், முற்ற ஏறத்தாழ இரண்டு வருடம் ஆகும். அவ்வளவு நாளும் கிளை அதைச் சுமக்கிறது, மழையில் நனைந்த இலையின் கனமும் சேர்ந்தால் வளைந்துவிடும். காய்களைப் பறித்துவிடுங்கள். அப்புறமும் எழும்பாத கிளையை மெத்தென்ற நாடாவால் உள்பக்கமாக நடுத்தண்டோடு தளர்வாகக் கட்டுங்கள், வருடம் ஒருமுறை அவிழ்த்துக் கட்டுங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் பச்சை இலை உள்ள பகுதிக்குள் நிறுத்துங்கள். இலையில்லாத பழைய கட்டையில் மறுபடி துளிர்க்காது. தழைச்சத்து உரமும் வேண்டாம், கிளை நீண்டு மெலிந்துபோகும்.

இன்னொன்று, உங்களுடையது விதைக்கன்றா? கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துக் காடுகளில் இந்த மரம் பெரும்பாலும் கிளை விரித்தே நிற்கும். ஒல்லியான தூண் உருவம் தோட்டக்காரர்கள் பொறுக்கியெடுத்துப் பெருக்கியது. கிளைத்துண்டிலிருந்து வளர்த்தது தாய்மரத்தைப் போலவே வரும், விதைக்கன்று எப்படி வருமென்று சொல்ல முடியாது.

கேட்டவர்:
விதைக்கன்றுதான். உயரம் எவ்வளவு போகும்?

பதில் 2:
நல்ல இடம் அமைந்தால் 35 மீட்டர் வரை போகக்கூடிய மரம், அதற்குப் பல தலைமுறை ஆகும். ஈரானில் அபர்கூ ஊரில் உள்ள மரத்துக்கு 4,000 வயதிருக்கும் என்கிறார்கள். அதுவும் தூண் போல இல்லை, அகன்று பரந்து நிற்கிறது, அத்தனை அழகு! சுவரை ஒட்டி நட்டிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கேட்டவர்:
சுவரிலிருந்து நல்ல தூரம்தான். இன்று ஒரு வாளி நிறையக் காய் பறித்தேன், கையெல்லாம் பிசின் வாசனை. பாரம் இறங்கியதும் இரண்டு கிளைகள் பாதி எழும்பிவிட்டன. மூன்றாவதைக் கட்டியிருக்கிறேன். நுனியைத் தொடவில்லை.