நெட் கேட்காத ஆட்டம் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. மன்னார்குடி பக்கம் கிராமத்தில் இருக்கிறேன். ஃபைபர் இன்னும் எங்கள் தெருவுக்கு வரவில்லை. போன் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு 2 ஜிபி. நான் ஆடும் கார் ரேஸ் ஆட்டம் இப்போது 38 ஜிபி அப்டேட் கேட்கிறது. போடாவிட்டால் உள்ளேயே விடாது. அதில் முக்கால்வாசி காசுக்கு விற்கும் புது பெயின்ட், ஸ்டிக்கர். சேவ் அழிந்துபோகும் பழைய கோளாறு மட்டும் அப்படியே கிடக்கிறது.

ஆட்டம் செய்பவர்கள் எல்லாரும் இப்படி இல்லை. 2016இல் வந்த ஸ்டார்ட்யூ வேலி என்ற விவசாய ஆட்டத்துக்கு, அதைச் செய்த எரிக் பரோன் 2024இல்கூட 1.6 என்ற பெரிய அப்டேட்டை இலவசமாகத் தந்தார். நோ மேன்ஸ் ஸ்கை என்ற விண்வெளி ஆட்டம் வெளியானபோது வாங்கிய திட்டு கொஞ்சமா? ஆனாலும் விட்டுவிட்டு ஓடாமல் வருஷக்கணக்கில் சரிசெய்தார்கள். தி க்ரூ என்ற கார் ரேஸ் ஆட்டத்தின் கதை வேறு. 2024 மார்ச் 31 அன்று சர்வரை மூடியதும், காசு கொடுத்து வாங்கியவர்களால் தனியாகக்கூட ஓட்ட முடியவில்லை. எனக்கு இது பச்சை அநியாயமாகத்தான் படுகிறது.

சரி, கேட்க வந்தது இதுதான். நெட் இல்லாமல் ஓடும், செய்தவர்களும் கைவிடாத ரேஸ் ஆட்டம் ஏதாவது உண்டா? லேப்டாப் பழசு, 8 ஜிபி ராம்.

அப்புறம், ஒரே வைஃபையில் உள்ள இன்னொரு கணினியிலிருந்து ஆட்டத்தை நகலெடுக்கும் வசதி, கணினி ஆட்டங்கள் விற்கும் ஸ்டீமில் 2023 முதல் இருக்கிறது. நீடாமங்கலம், திருவாரூர் பக்கம் ஃபைபர் வைத்திருப்பவர்கள் யாராவது உதவ முடியுமா? அந்த 38 ஜிபி ஆட்டத்தின் பெயரை இன்பாக்ஸில் சொல்கிறேன். குறுவை அறுப்பு நடக்கிறது, அதனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் வசதி.