மறு: கரன்சி மேனிபுலேஷன் – ‘நாணய மோசடி’ போதுமா?

> ‘கரன்சி மேனிபுலேஷன்’ என்பதற்குத் தமிழில் செய்திகளில் ‘நாணய மோசடி’ என்று பார்த்தேன். அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. நாணய மோசடி என்றதும் கள்ள நோட்டு அடித்தவன்தான் கண்முன் வந்து நிற்பான். இங்கே நோட்டு அடித்தது மத்திய வங்கியே, அதுவும் சட்டப்படி. நேற்று ஒருவர் சொன்ன ‘கையாளல்’ ரொம்பச் சாது, பாத்திரத்தைக்கூடக் கையாளலாம். ‘மதிப்பிறக்கம்’ வேறு சங்கதி. 1966 ஜூனில் டாலருக்கு 4.76 ஆக இருந்த நம் ரூபாயை ஒரே அறிவிப்பில் 7.50 ஆக்கினார்களே, அது மதிப்பிறக்கம். நாம் பேசுவது, ஏறப் பார்க்கும் நாணயத்தை ஏறவிடாமல் பிடித்து வைப்பதை.

சீனாவையே பாருங்கள். 2005 ஜூலை வரை பல ஆண்டுகள் ஒரு டாலர் 8.28 யுவானை ஒட்டியே நின்றது. ஏற்றுமதியாளர்கள் கொண்டுவந்து குவித்த டாலரையெல்லாம் அந்நாட்டின் மத்திய வங்கியான சீன மக்கள் வங்கி, யுவான் ஏறிவிடாமலிருக்க யுவான் கொடுத்து வாங்கி, பெரும்பகுதியை அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களில் போட்டது. 82.80 யுவானுக்கு விற்கும் ஒரு பொம்மை அந்த விலையில் அமெரிக்காவில் 10 டாலர். யுவான் ஏறி 6.90க்கு வந்தால் அதே பொம்மை 12 டாலர். அந்த 2 டாலரில்தான் சண்டை. இப்படி வாங்கிச் சேர்த்ததில், 2014இல் சீனாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி டாலரைத் தொட்டது.

நீச்சல் பழகும்போது சுரைக்குடுக்கையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்திருப்பீர்கள். கையை எடுத்தால் மேலே வந்துவிடும், எடுக்காவிட்டால் கை வலிக்கும். அதனால் என் பரிந்துரை: செலாவணி அமுக்கல். ‘காசை அமுக்கிட்டான்’ என்கிற பேச்சு வழக்கின் வாடையும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. இருக்கட்டும், இந்தச் சொல்லுக்கு அது பொருத்தம்தான்.

‘அமுக்கம்’ என்று மட்டும் முடிக்காதீர்கள். இலங்கையில் வளியமுக்கம், குருதி அமுக்கம் என்று அழுத்தத்துக்கு அதுதான் சொல். ‘செலாவணி அமுக்கம்’ என்றால் டாலர் தட்டுப்பாடு என்று நினைத்துவிடுவார்கள்.

இன்னொன்று. செயலுக்கும் குற்றச்சாட்டுக்கும் ஒரே சொல் கூடாது. 2019 ஆகஸ்டில் யுவான் டாலருக்கு 7ஐத் தாண்டி இறங்கியதும் அமெரிக்க நிதித்துறை சீனாவுக்கு ‘கரன்சி மேனிபுலேட்டர்’ என்று முத்திரை குத்தியது. உண்மையில் 2015, 2016இலேயே சீனா டாலரை விற்று யுவானைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது! 2020 ஜனவரியில், இரு நாடுகளின் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு இரண்டு நாள் முன்பு, முத்திரை அழிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வியட்நாமுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் விழுந்தது. உலகமே பயந்துபோய், பத்திரமான நாணயம் என்று சுவிஸ் பிராங்கை வாங்கி அதை ஏற்றிவிட்டால் சுவிஸ்காரர் என்ன செய்வார்? அதனால் அமெரிக்கா சூட்டும் பெயருக்கு மட்டும் ‘செலாவணிச் சூழ்ச்சி நாடு’ என்று தனியாக வைப்போம். சூழ்ச்சி என்பது சொல்பவரின் தீர்ப்பு. அமுக்கினார்களா இல்லையா என்பதைக் கணக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அப்புறம், டாலர் வாங்கக் கொடுத்த யுவான் ஊருக்குள் புரண்டு விலைவாசியை ஏற்றாமலிருக்க, மத்திய வங்கி தன் பத்திரங்களை விற்று அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அந்த ஸ்டெரிலைசேஷனுக்கு நம் கலைச்சொல் வரைவுப் பட்டியலில் ‘கருத்தடை’ என்று இருக்கிறது. தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். இப்போதைக்கு ‘பண உறிஞ்சல்’ என்று போட்டு வையுங்கள். அதற்குத் தனி இழையில் அடித்துக்கொள்வோம்.