ரெட் கிரேஞ்ச்: பெரிய ஆட்டக்காரரா, வசூல் நாயகனா?

வெயில்மைதானம்:
1963 இல் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம் (புகழ் மண்டபம்) தொடங்கியபோது முதல் 17 பேரில் ஆட்டக்காரர் ரெட் கிரேஞ்சும் இருந்தார். அது கல்லூரிப் புகழுக்கும் டிக்கெட் விற்பனைக்கும் கொடுத்த மரியாதை என்பேன். 1924 இல் மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்கு எதிராக முதல் 12 நிமிடத்தில் நான்கு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) போட்டாரே, அது அபாரம்தான். ஆனால் அப்போது அவர் இல்லினாய் பல்கலைக்கழக மாணவர். தொழில்முறையில் என்ன கிழித்தார்? 1925 நவம்பரில், கல்லூரியின் கடைசி ஆட்டம் முடிந்த ஐந்தாம் நாளே சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். பார்க்க 36,000 பேர். முடிவு 0-0.

தாமரைக்குளம்:
அந்த 0-0 எப்படி வந்தது என்பதையும் சொல்லுங்கள் சார். எதிரணி கார்டினல்ஸின் பேடி டிரிஸ்கால் பந்தை உதைக்கும்போதெல்லாம், பிடித்துக்கொண்டு ஓடிவிடுவார் என்று கிரேஞ்ச் நிற்கும் பக்கமே அனுப்பவில்லை. கூட்டம் டிரிஸ்காலைப் பார்த்துத்தான் கூச்சல் போட்டது. ஓடத் தெரியாதவனுக்கு யார் அப்படிப் பயப்படுவார்கள்?

வெயில்மைதானம்:
சரி, ஒரு நாள் பயந்தார்கள். அப்புறம்? கிரேஞ்சின் மேலாளர் பைல் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஊர் ஊராக இழுத்துப்போய் 19 ஆட்டம் ஆட வைத்தார், சர்க்கஸ் கம்பெனி மாதிரி. பாஸ்டனில் ரசிகர்கள் கிரேஞ்சையே கேலி செய்தார்கள். கையில் அடிபட்டு உட்கார்ந்தார். பேர்ஸ் அணியில் பங்கு கேட்டுக் கிடைக்காததால் பைல் 1926 இல் தனி லீக்கே தொடங்கினார். ஒரே சீசனில் இழுத்து மூடினார்கள்.

ஓரத்துஇருக்கை:
இருவரும் சண்டை போடுங்கள், நான் கணக்கு மட்டும் சொல்கிறேன். 1925 டிசம்பரில் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் கிரேஞ்ச் ஆடியதைப் பார்க்க 70,000 பேருக்கு மேல் வந்தார்கள். கடனில் தத்தளித்த, நியூயார்க் அணியான ஜயன்ட்ஸின் முதலாளி டிம் மாரா அந்த ஒரு ஆட்டத்தில் மூச்சு விட்டார். காசுக்கு ஆடுவதே கேவலம் என்று கல்லூரிப் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

வெயில்மைதானம்:
நன்றி, நான் சொல்வதும் அதைத்தான். வசூல்! 1927 இல் முழங்கால் போனது, 1928 முழுக்க ஆடவில்லை. திரும்பி வந்தவரிடம் அந்தப் பழைய வெட்டித் திரும்பும் ஓட்டம் இல்லை.

தாமரைக்குளம்:
இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இரண்டாவது பாதி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஓட்டம் போனவர் தடுப்பாட்டக்காரராக மாறினார். 1933 இறுதி ஆட்டம், பேர்ஸ் 23, ஜயன்ட்ஸ் 21, கடைசி நொடிகள். பாஸைப் பிடித்த ஜயன்ட்ஸின் பேட்க்ரோவுக்கு எதிரே கிரேஞ்ச் மட்டும்தான். பேட்க்ரோவின் பக்கத்திலேயே இன்னொரு ஜயன்ட்ஸ் ஆள் ஓடி வருகிறார். காலைப் பிடித்திருந்தால் விழும்போதே பந்தை அவரிடம் தள்ளியிருப்பார், ஆட்டம் போயிருக்கும். கிரேஞ்ச் மார்போடு, பந்தோடு, கைகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார். கோப்பை சிகாகோவுக்கு. இதற்கு டிக்கெட் விற்பனை என்று பெயரா?

வெயில்மைதானம்:
ஒரு தடுப்பு. அந்த பேர்ஸ் அணியைத் தூக்கி நிறுத்தியவர் சக ஆட்டக்காரர் நாகர்ஸ்கி. 1932 இல் பனி காரணமாக 80 யார்டு உள்ளரங்கில் நடந்த ஆட்டத்திலும் கிரேஞ்சின் டச்டவுனுக்குப் பாஸ் கொடுத்தவர் அவர்தான்.

தாமரைக்குளம்:
கொடுத்தவர் ஒருவர் என்றால் பிடிக்க ஒருவர் வேண்டாமா? 1931 இல் லீக் முதன்முதலாக அதிகாரபூர்வமாகச் சிறந்த அணியை அறிவித்தபோது பந்தோடு ஓடும் ஹாஃப்பேக் இடத்தில் இருந்ததும் கிரேஞ்ச்தான். முழங்கால் போய் நான்கு வருடம் கழித்து!

ஓரத்துஇருக்கை:
ஹால் ஆஃப் ஃபேமின் அந்த முதல் 17 பேரில் டிம் மாராவும் உண்டு. ஆட்டக்காரராக அல்ல, முதலாளியாக. வசூலுக்கு மரியாதை செய்ய அங்கே தனி வாசலே இருந்தது. கிரேஞ்ச் அந்த வழியாக வரவில்லையே, வெயில்மைதானம்?

வெயில்மைதானம்:
மாராவுக்கு அந்த வாசலைத் திறந்துவிட்டதே கிரேஞ்ச் கொண்டுவந்த 70,000 பேர்தான் ஐயா.