தேக்கா சலூன்: பார்க்க அழகு, உட்கார்ந்தால் அமைதி இல்லை. எங்கே தவறு?

தேக்காமுனை
வணக்கம். சிங்கப்பூர் தேக்காவில் (லிட்டில் இந்தியா), கடைவீட்டுக் கீழ்த்தளத்தில், ஆண் பெண் இருபாலருக்குமான சலூன். அகலம் 4 மீட்டர், நீளம் 12, உயரம் 3. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, தரையில் வெள்ளை டைல்ஸ், மேலே வெறும் காங்கிரீட்டில் கறுப்புப் பெயின்ட். இடப்பக்கம் மூன்று நாற்காலி, வலப்பக்கம் இரண்டு, கண்ணாடிகள் நேருக்கு நேர். பின்னால் இரண்டு ஷாம்பூ பேசின். ஏர்கான் பின்சுவரில், எக்ஸாஸ்ட் ஃபேன் வாசலுக்கு மேலே. விளக்கெல்லாம் 3000 கெல்வின் டவுன்லைட்.

இரண்டு டிரையர் ஓடினாலே கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. கலர் போடும் நாளில் காத்திருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். சாம்பல் டோன் போட்ட தலை வெளியே போனதும் வேறு நிறமாகத் தெரிகிறது. செடி வைத்தாயிற்று, சுவருக்கு இளம்பச்சை அடித்தாயிற்று, ஒன்றும் மாறவில்லை. கடையை மூன்று நாளுக்கு மேல் மூட முடியாது. எதை முதலில் தொடுவது?

எதிரொலி
முதலில் சத்தம். கடை ஆளில்லாமல் இருக்கும்போது நடுவில் நின்று ஒரே ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். ‘டிர்ர்’ என்று ஒரு நடுக்கம் தொடர்ந்தால், எதிரெதிர்க் கண்ணாடிகளுக்கு நடுவே ஒலி பந்து போல அடிபடுகிறது என்று அர்த்தம்.

கணக்கு இதுதான். கடையின் கனஅளவு 144 கன மீட்டர். டைல்ஸ், கண்ணாடி, காங்கிரீட் மூன்றுமே ஒலியை விழுங்காது. ஆளையும் நாற்காலியையும் சேர்த்தாலும் மொத்த உறிஞ்சல் சுமார் 11 சதுர மீட்டருக்குச் சமம். 0.161 (இந்தக் கணக்குக்கான நிலையான எண்) × 144 ÷ 11 போட்டால் ஒலி அடங்க ஏறக்குறைய 2 வினாடி. அதனால்தான் ஒரு டிரையர் மூன்று டிரையர் போலக் கேட்கிறது.

மேற்கூரைக்கு 50 மி.மீ. தடிமனுள்ள பாலியெஸ்டர் அல்லது கண்ணாடி இழை ஒலித்தட்டு வாங்குங்கள். 1.2 × 0.6 மீட்டர் அளவில் 24 தட்டு. காங்கிரீட்டோடு ஒட்டாமல் 5 முதல் 10 செ.மீ. இடைவெளி விட்டுக் கம்பியில் தொங்கவிட்டால் தாழ்ந்த ஒலியையும் பிடிக்கும். 2 வினாடி சுமார் 0.9க்கு இறங்கிவிடும். நாற்காலிகளுக்கு நேர் மேலே நெருக்கமாகவும் வாசல் பக்கம் தளர்வாகவும் வையுங்கள். ஸ்பிரிங்க்ளர் (தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்) இருந்தால் அதன் நீர் விழும் பாதையை மறைக்கவே கூடாது.

சுருள்முடி
முட்டைத் தட்டு போன்ற ஸ்பஞ்ச் மலிவாகக் கிடைக்கிறதே, அதை ஒட்டினால் போதாதா?

எதிரொலி
வேண்டவே வேண்டாம். சாதாரண ஸ்பஞ்ச் தீப்பிடித்தால் நொடியில் பரவும், நச்சுப்புகை விடும். மெல்லியதாக இருந்தால் கீச்சொலியை மட்டும் விழுங்கி இரைச்சலை அப்படியே விட்டுவிடும். தீத்தடுப்புச் சான்றிதழ் உள்ள தட்டைத்தான் வாங்க வேண்டும். சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகு பணம் கொடுங்கள்.

கத்தரிமேசை
அண்ணே, வலப்பக்க நாற்காலிகளும் ஒரு காரணம். கண்ணாடியிலிருந்து நாற்காலி முதுகு வரை 1.3 மீட்டர், பின்னால் நின்று வெட்டுபவருக்கு 60 செ.மீ. ஆக 1.9. இரண்டு பக்கமும் சேர்த்தால் 3.8. உங்கள் அகலம் 4. மிச்சம் 20 செ.மீ.! நிற்கும் இருவர் முதுகும் உரசும், கழுவப் போகிறவர் நடுவில் நெளிந்து போக வேண்டும். அந்த நெருக்கடியை உட்கார்ந்திருப்பவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவருக்கு எப்படி அமைதி வரும்?

நாற்காலி நடுவிலிருந்து அடுத்த நாற்காலி நடுவுக்கு 1.5 மீட்டர் வைத்து, வலப்பக்க இரண்டையும் கண்ணாடியோடு சேர்த்து 75 செ.மீ. கடையின் பின்பக்கமாகத் தள்ளுங்கள். ஒருவர் முதுகுக்கு எதிரே வெற்றிடம் வரும். கண்ணாடிக்குக் கண்ணாடி பார்ப்பதும் பெரும்பாலும் போய்விடும்.

ஒளிமானி
நிறம் மாறுவது விளக்கால். 3000 கெல்வின் மஞ்சள் ஒளியில் சாம்பல் டோன் பழுப்பாகத் தெரியும். கைப்பழக்கத்தில் இன்னும் கொஞ்சம் சாம்பல் சேர்ப்பீர்கள். வெயிலில் அது பச்சை கலந்து நிற்கும். இளம்பச்சைச் சுவரும் சேர்ந்துகொண்டு கண்ணாடியில் முகத்தை வெளிறிக் காட்டுகிறது. கண்ணாடிக்கு எதிரே விழும் சுவரையாவது மங்கலான வெள்ளைக்கு மாற்றுங்கள்.

நாற்காலி இடத்தில் 4000 கெல்வின். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சி.ஆர்.ஐ. 90க்கு மேல், சிவப்பைக் காட்டும் ஆர்9 மதிப்பு 50க்கு மேல் என்று பெட்டியில் அச்சடித்திருக்க வேண்டும். கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் செங்குத்தாகப் பால்நிற மூடி போட்ட எல்.ஈ.டி. பட்டை, தரையிலிருந்து 1 மீட்டரில் தொடங்கி 1.7 வரை. உட்கார்ந்தவர் கண் சுமார் 1.2 மீட்டரில் இருக்கும், ஒளி இரு கன்னத்திலும் சமமாக விழும். தலைக்கு நேர் மேலே இருக்கும் டவுன்லைட் கண்ணுக்குக் கீழே குழி காட்டும். அதைக் கண்ணாடிப் பக்கம் அரை மீட்டர் நகர்த்துங்கள். காத்திருக்கும் இடத்தில் 3000 அப்படியே இருக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன்: பேசினில் நீங்களே சாய்ந்து பார்த்தீர்களா? நேர் மேலே டவுன்லைட் இருந்தால், கழுவி முடியும் வரை அந்த ஆள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் கிடப்பார். அதை எடுத்துவிட்டு, சுவரில் மேல்நோக்கி ஒளிரும் மங்கல் விளக்கு போடுங்கள்.

தேக்காமுனை
கைதட்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அதே நடுக்கம். பேசினுக்கு மேலே இரண்டு டவுன்லைட், இரண்டும் நேர் கண்ணில். விளக்கை மாற்ற ஆள் சொல்லிவிட்டேன். வாடைக்கு என்ன வழி?

காற்றுவழி
உங்கள் கடையில் காற்று தலைகீழாக ஓடுகிறது. ஏர்கான் பின்னாலிருந்து முன்னால் ஊதுகிறது, எக்ஸாஸ்ட் வாசலில் இழுக்கிறது. கலரிலிருந்து எழும் அம்மோனியா, காத்திருப்பவர் மூக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஸ்பிளிட் ஏர்கான் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடும், புதுக் காற்று கொண்டுவராது என்பதையும் மறக்க வேண்டாம்.

எக்ஸாஸ்ட்டைப் பின்சந்துப் பக்கச் சுவருக்குக் கொண்டுபோங்கள். கலர் கலக்கும் மேசையை அதற்கு நேர் கீழே, ஒரு மீட்டருக்குள் வையுங்கள். 150 மி.மீ. குழாய் ஃபேன் போதும். ஏர்கானைப் பக்கச்சுவருக்கு மாற்ற முடியாவிட்டால், காற்றுத் தகட்டை மேலே தூக்கி வையுங்கள். ஈரத்தலையில் நேராகக் குளிர் அடிப்பதும் நிற்கும்.

ஃபேன் இழுக்க முன்னாலிருந்து காற்று வர வழி வேண்டும். கதவுக்கு அடியில் 2 செ.மீ. சந்து விடுங்கள். டிஷ்யூ ஒன்றை ஃபேன் வலையில் வைத்துப் பாருங்கள், ஒட்டி நிற்க வேண்டும். கதவைச் சாத்தியதும் தாள் நழுவினால் காற்று பற்றவில்லை. ரொம்பப் பெரிய ஃபேனும் கூடாது, வெளியே இருக்கும் ஈரக்காற்றை வாரி இழுத்து ஏர்கானைத் திணறடிக்கும்.

கவனம்: லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம். சுவரில் துளை போடுமுன் வீட்டுக்காரரையும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தையும் கேட்டுவிடுங்கள்.

மீந்த கலரை மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். சாக்கடை வாடையும் கலந்து வந்தால் தரைப்பொறியில் (தரை வடிகாலில் தண்ணீர் தேங்கி வாடையைத் தடுக்கும் வளைவு) தண்ணீர் வற்றியிருக்கும், ஒரு வாளி ஊற்றினால் தீரும்.

மின்கம்பி
டிரையர்களை எக்ஸ்டென்ஷனில் போட்டிருக்கிறீர்களா? 2000 வாட் டிரையர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்ப். இரண்டு ஓடினால் 17ஐத் தாண்டும், பிளக்கில் இருப்பது 13 ஆம்ப் ஃபியூஸ். நாற்காலிக்கு ஒரு தனி சாக்கெட் வேண்டும், உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும்.

தேக்காமுனை
கடைசியாக ஒன்று. தூடோங் (முக்காடு) அணியும் முஸ்லிம் பெண்கள் மறைவான இடம் கேட்கிறார்கள். பின்பக்கம் இடது நாற்காலிக்குத் திரை போட்டால் போதுமா?

கத்தரிமேசை
திரை நல்லதுதான், ஆனால் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். வாசலில் ஒருவரை நிறுத்தி, நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கடையின் ஒவ்வொரு கண்ணாடியையும் பாருங்கள். எந்தக் கண்ணாடியிலாவது அவர் கண் உங்களுக்குத் தெரிந்தால், உங்கள் முகமும் அவருக்குத் தெரிகிறது. தடித்த துணியாக, தண்டவாளம் சுவரோடு முட்டும்படி, ஓரம் 20 செ.மீ. மேல்படிய வையுங்கள். அந்த நாற்காலியிலிருந்து பேசினுக்கு வெளியே வராமல் போகும் வழியும் திரைக்குள் இருக்க வேண்டும். ஈரத்தலையோடு கடை நடுவே நடக்க வைத்தால் திரை போட்டும் பயனில்லை. அந்த நேரத்தில் உள்ளே பெண் ஊழியர் மட்டும்.