ஆத்துக்குள்ள கிடக்கிற உரல்

குழு: ஆயா வீட்டுப் பிள்ளைங்க

*மே 3, 2024, வெள்ளி*

அண்ணன் (இரவு 9:10): கிருஷ்ணகிரி தாண்டியாச்சு. இன்னைக்கு பென்னாகரத்துல தங்கறோம். விடிஞ்சதும் ஒகேனக்கல்.

பெரிய மாமா (9:14): மாப்ளே, அருவி பார்க்கணும்னு போனா மனசு விட்டுப் போயிரும். ஆத்துத் தண்ணிய அளக்கற பிலிகுண்டுலுல வினாடிக்கு 200 கன அடிதான் வருது. ஐந்தருவியில பாறை மட்டும்தான் நிக்குது.

நான் (9:16): அதுக்குத்தான் போறோம் மாமா. குட்டி நாலு தடவை வந்து நாலு தடவையும் தண்ணியத்தான் பாத்திருக்கான். "அத்தை, அதுக்கு அடியில என்ன இருக்கு?"ன்னு போன வருஷத்துல இருந்து கேட்டுட்டே இருக்கான்.

பெரிய மாமா (9:19): அப்படின்னா சரியான நேரம். நல்லாக் கேளுங்க. ஆறு மணிக்கெல்லாம் ஆத்துல இருக்கணும், பத்துக்கு மேல ஏறிடணும். நாளைக்கு அக்னி நட்சத்திரம் ஆரம்பம், அந்தப் பாறை தோசைக்கல்லாட்டம் காயும். பரிசல்காரர் இல்லாம ஒரு அடி கூட உள்ள போகாதீங்க. பாறையில நடக்கவிடற இடம் எது, விடாத இடம் எதுன்னு அவருக்குத்தான் தெரியும்.

அம்மா (9:21): அண்ணா, குட்டிய நான் கையப் புடிச்சுக்கறேன். நீ கவலப்படாத.

பெரிய மாமா (9:22): கவலப்படத்தான் செய்வேன்.

*மே 4, 2024, சனி*

நான் (காலை 6:25): (படம்) தொங்கு பாலத்து மேல இருந்து. வலது பக்கம் பாருங்க, போன வருஷம் சாரல்ல நனைஞ்சுகிட்டே நின்ன இடம். இன்னைக்கு காத்து கூட ஈரமில்ல.

அண்ணி (6:31): கன்னடத்துல 'ஹொகே'ன்னா புகை. புகையற கல்லுங்கறதாலதான் ஒகேனக்கல். இன்னைக்கு வெறும் கல்.

அண்ணன் (6:40): பரிசல் கிடைச்சிருச்சு. எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட். மணல்மேடு வரைக்கும் போயி அங்கிருந்து கொஞ்ச தூரம் நடக்கலாம்னு சொல்றார். சில இடத்துல பரிசல் தட்டுது, அவரே இறங்கித் தலையில கவுத்துட்டு வர்றார்.

சின்ன அத்தை ஓசூர் (6:44): அந்தப் பரிசல் எவ்வளவு கனம்! எங்க கல்யாணம் ஆன புதுசுல அடியில தோல் போட்டதுதான் இருந்துச்சு. இப்ப பிளாஸ்டிக் ஷீட்டு போட்டுத் தார் பூசறாங்க இல்ல?

அண்ணன் (6:45): ஆமாங்க அத்தை, மூங்கில் பிளாச்சு மேல ஷீட்டு, அதுமேல தார்.

நான் (7:20): (படம்) (படம்) (படம்)
உள்ள வந்துட்டோம். எழுதத் தெரியல எனக்கு. ரெண்டு பக்கமும் செங்குத்தா பாறை. என் தலைக்கு மேல ரெண்டு ஆள் உயரத்துல வெள்ளையா ஒரு கோடு, அது வரைக்கும் தண்ணி ஓடியிருக்கு. நான் நிக்கறது ஆத்தோட வயித்துல. சத்தமே இல்ல. எங்கயோ ஒரு இடுக்குல சொட்டு சொட்டா விழறது கேக்குது, அது எங்கன்னு தெரியல.

அண்ணி (7:26): (படம்) இதைப் பாருங்க. பாறையில வட்டமா குழி. ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்துக்கணக்குல. சிலது கிண்ணம் சைஸு, சிலதுக்குள்ள குட்டி இறங்கி நின்னா தலை மட்டும்தான் தெரியும்.
வெள்ளம் வரும்போது சுழல் ஒரு கூழாங்கல்லைப் புடிச்சு ஒரே இடத்துல சுத்தும். கல்லு பாறையக் கடையும். அந்தக் கல்லு தேஞ்சு போனா அடுத்த கல்லு வந்து விழும். இப்படி வருஷக்கணக்கு இல்ல, ஆயிரக்கணக்கான வருஷம். குட்டி ஒரு குழிக்குள்ள கைய விட்டு உருண்டையா ஒரு கல்லு எடுத்தான், கோலிகுண்டு மாதிரி. அதான் கடைஞ்ச கல்லு. பாத்துட்டு அங்கயே திருப்பி வெச்சிட்டான்.

அண்ணி (7:29): பள்ளிக்கூடத்துல பாடமா எத்தனையோ தடவை நடத்தியிருக்கேன். தொட்டுப் பார்த்தது இன்னைக்குத்தான். இந்தப் பக்கத்துல கார்பனடைட்டுன்னு ஒரு பாறை இருக்கு, பூமிக்கு அடியில இருந்து உருகி வந்த குழம்புதான், ஆனா உள்ள சுண்ணாம்புச் சத்து. உலகத்துல அபூர்வம். வயசு சுமார் 240 கோடி வருஷம்.

அத்தை மேச்சேரி (7:35): படத்த ஆயாகிட்ட காமிச்சேன். கண்ணாடி போட்டுட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "ஏம்மா, இது உரல் குழியாட்டம் இருக்குதே, ஆத்துக்குள்ள யாரு இத்தனை உரலு செதுக்கினா"ங்கறாங்க.

நான் (7:36): ஆயா, ஆறே செதுக்கினது!

அத்தை மேச்சேரி (7:41): சொல்லிட்டேன். அதுல இருந்து ஒண்ணும் பேசாம உக்காந்திருக்காங்க.

அண்ணன் (7:48): (வீடியோ) இங்க ஒரு மடு இருக்கு மாமா. பச்சையா, கண்ணாடி மாதிரி. காத்தே இல்ல, ஆடாம கிடக்கு. ஒரு முங்கு போட்டா சுகமா இருக்கும்.

பெரிய மாமா (7:49): வேண்டாம்.

பெரிய மாமா (7:49): மாப்ளே வேண்டாம். இறங்காத.

பெரிய மாமா (7:53): எழுதறேன், படிச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணு. கண்ணாடி மாதிரி தெரியறதாலதான் அது ஆளை இழுக்குது. அண்ணி சொன்ன அதே குழிதான் அது, பெருசா. ஓரத்துல முழங்கால், அடுத்த அடியில பனைமரம் ஆழம். கரைன்னு நீ நினைக்கற பாறைக்கு அடியில தண்ணி குடைஞ்சு பொந்து வெச்சிருக்கும். உள்ள போன ஆளு மேல வர்றப்ப தலை பாறையில இடிக்கும், வெளிச்சம் எந்தப் பக்கம்னு தெரியாது. பாசி புடிச்ச ஓரம், ஏறக் கைக்குப் பிடி கிடைக்காது. நீச்சல் தெரிஞ்சவன்தான் அங்க சாகறான், தெரியாதவன் இறங்கறதே இல்ல.
பத்தாவது லீவுல என்கூடப் படிச்சவன் ஒருத்தன் இப்படி ஒரு மடுவுலதான் போனான். நாங்க நாலு பேரு கரையில நின்னோம். தண்ணி ஆடவே இல்ல.

அண்ணன் (7:55): இறங்கல மாமா. குட்டியையும் தூரமா கூட்டிட்டு வந்துட்டோம். பரிசல்காரரும் அதையேதான் சொல்றார்.

பெரிய மாமா (7:56): நல்லது. இன்னொண்ணு. மேல மழை பெஞ்சா, கர்நாடகாவுல கபினி அணையில தண்ணி விட்டா, இங்க வானம் காஞ்சிருக்கும்போதே ஆறு ஏறும். இப்ப அந்தப் பயம் இல்லதான். ஆனாலும் பரிசல்காரர் கிளம்புன்னா ஏன்னு கேக்காம கிளம்பணும்.

(8:00 முதல் 10:10 வரை ஒகேனக்கல் போனவர்களிடமிருந்து செய்தி இல்லை)

பெரிய மாமா (9:05): எங்க இருக்கீங்க?

பெரிய மாமா (9:40): யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை போடுங்க.

சின்ன அத்தை ஓசூர் (9:42): அண்ணா, உள்ள சிக்னல் இருக்காது. பதறாதீங்க.

நான் (10:10): வந்துட்டோம் மாமா, கரைக்கு வந்துட்டோம். உள்ள டவர் இல்ல. மன்னிச்சுக்குங்க. பத்து மணிக்குச் சொன்ன மாதிரி ஏறிட்டோம்.

பெரிய மாமா (10:11): சரி கண்ணு. தண்ணி குடிங்க.

அம்மா (10:30): மீன் வாங்கிக் குடுத்தோம், ஒரு அம்மா வறுத்துக் குடுத்தாங்க. கெளுத்தி. ஆத்துல மீன் கம்மியாம். மசாஜ் பண்றவங்க எல்லாம் கல்லு மேல சும்மா உக்காந்திருக்காங்க, பாக்கவே கஷ்டமா இருக்குது. அந்த ஜனம் மொத்தமும் இந்தத் தண்ணியத்தான் நம்பி இருக்குது.

அத்தை மேச்சேரி (11:02): ஆயா இப்பதான் வாயத் தொறந்தாங்க. சொல்லச் சொல்ல அப்படியே எழுதறேன், எல்லாரும் படிங்க.

"எங்கம்மா பொறந்த ஊரு காவேரிபுரத்துப் பக்கம், ஆத்தோரம். மேட்டூர் அணை கட்டினப்ப ஊரக் காலி பண்ணச் சொன்னாங்க. அம்மாவுக்கு அப்ப எட்டு ஒம்பது வயசு. ஒரே ஒரு வண்டி. கட்டிலு, குதிரு, ஆட்டுக்குட்டி எல்லாம் ஏத்தினாங்க. உரல ஏத்த முடியல. எங்க பாட்டி உரலுகிட்ட நின்னுட்டு வரவே மாட்டேன்னு அழுதுச்சாம். நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப ஒரு வருஷம் அணை நல்லா வத்துச்சு. அம்மா என்னக் கூட்டிட்டுப் போயி சேத்துக்குள்ள தேடினா. கிடைக்கல. அந்த உரலுக்கு வாய் ஓரத்துல ஒரு சில்லு பேந்திருக்கும், கை அளவுக்கு. வண்டிச் சக்கரம் ஏறினதாம். அதுதான் அடையாளம்."

நான் (11:05): இத்தனை வருஷத்துல ஆயா இதைச் சொன்னதே இல்லையே.

அம்மா (11:06): எனக்கே தெரியாது.

அண்ணன் (11:09): மாமா, அணையில இப்ப எவ்வளவு?

பெரிய மாமா (11:15): ஐம்பது சொச்சம் அடி. முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. போன வருஷம் ஜூன் 12 திறந்தாங்க, மழை ஏமாத்திருச்சு, அக்டோபர் 10 மூடியாச்சு. டெல்டாவுல குறுவை வெச்சவங்க தவிச்சுப் போயிட்டாங்க. 35 வருஷம் அந்த அணையில வேலை பாத்தவன் நான், தினம் காலையில மட்டம் பாக்கறதுதான் முதல் வேலை. இப்பவும் பேப்பர்ல முதல்ல அந்தக் கட்டத்தைத்தான் பாக்கறேன்.
அணைத் தண்ணி நிக்கற பண்ணவாடியில ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி முழுசா வெளிய இருக்கு. கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் தெரியுது. 1934ல தண்ணி நிறுத்தினப்ப முங்கினது ரெண்டும்.

அண்ணன் (11:17): அப்ப நாளைக்கு ஏற்காடு வேண்டாம். பண்ணவாடி போறோம்.

அத்தை மேச்சேரி (11:19): ஆயா கைய எடுத்துக் கும்புடறாங்க.

*மே 5, 2024, ஞாயிறு*

அண்ணன் (காலை 6:50): மேட்டூர் தாண்டி கொளத்தூர் வந்து பண்ணவாடி பரிசல்துறை. கார் கரையிலயே நிக்குது. தண்ணி எங்கயோ தூரத்துல ஒரு கோடு. நாகமரைக்குப் போற படகு அங்க ஓடுது.

நான் (7:15): (படம்) வண்டல் வெடிச்சுக் கிடக்கு. ஒவ்வொரு வெடிப்பும் கால் போற அளவு. அதுக்கு நடுவுல பச்சை! சோளமும் கம்பும் போட்டிருக்காங்க. நேத்து பாத்தது கல்லு ஆறு, இன்னைக்கு மண்ணு ஆறு.

அம்மா (7:22): (படம்) நந்தி. எம்மாம் பெருசு. குட்டி கழுத்துக்குக் கூட எட்டல. பூ போட்டு, குங்குமம் வெச்சிருக்காங்க. நானும் கற்பூரம் ஏத்தினேன்.

அத்தை மேச்சேரி (7:24): ஆயா அழறாங்க. நல்ல அழுகைதான், நீங்க பதறாதீங்க.

நான் (8:05): மாமா, ஒரு உரல் கிடைச்சிருக்கு.

நான் (8:05): (படம்) (படம்)
பாதி மண்ணுக்குள்ள. குட்டிதான் பார்த்தான். நேத்து குழிக்குள்ள கைய விட்ட மாதிரியே இதுக்குள்ளயும் விட்டுத் துழாவினான், உள்ள காஞ்ச வண்டல். தோண்டி எடுத்தோம். உள்பக்கம் வழவழன்னு இருக்கு.

அத்தை மேச்சேரி (8:07): வாய் ஓரத்தைக் காட்டச் சொல்றாங்க.

நான் (8:10): (படம்) (படம்) சுத்தி எடுத்திருக்கேன். சில்லு பேந்த அடையாளம் இல்ல. முழுசா இருக்கு.

பெரிய மாமா (8:11): ...

அத்தை மேச்சேரி (8:18): ஆயா சொல்றது: "நம்முது இல்ல. பரவாயில்ல கண்ணு. யாரோ ஒரு பொம்பள குத்திக் குத்தித்தானே அந்த வழவழப்பு வந்திருக்குது. அவளும் விட்டுட்டு வரமாட்டேன்னு அழுதிருப்பா. வெறும் உரலா விட்டுட்டு வராதீங்க. ஒரு பிடி கம்பு போட்டுட்டு வாங்க."

அண்ணன் (8:35): பக்கத்துக் கம்பங்காட்டுல ஒரு அம்மா இருந்தாங்க. கேட்டதும் ஏன் எதுக்குன்னு கூடக் கேக்கல. ரெண்டு கதிரை உருவிக் கசக்கிக் குட்டி கையில குடுத்துட்டாங்க. உரல்ல போட்டாச்சு.

அம்மா (8:36): அந்த அம்மாவோட பாட்டியும் முங்கின ஊருதானாம்.

*ஜூலை 30, 2024, செவ்வாய்*

பெரிய மாமா (இரவு 8:20): 120.

அண்ணன் (8:21): மாமா!!

சின்ன அத்தை ஓசூர் (8:24): டிவியில பார்த்தேன். ஒகேனக்கல்ல தொங்கு பாலத்துப் பக்கமே விடலையாம்.

அண்ணி (8:26): நாம நடந்த இடத்துல இப்ப அந்தக் கூழாங்கல்லு எல்லாம் சுத்திட்டு இருக்கும்.

நான் (8:30): குட்டி கேக்கறான்: "தாத்தா, அந்த உரலுக்கு மேல எத்தனை அடி தண்ணி?"

பெரிய மாமா (8:34): சொல்லு கண்ணு, அம்பது அடிக்குக் குறையாது. நந்தியும் முங்கியாச்சு. அணையோட 16 கண் மதகுல தண்ணி போறப்ப கூட்டிட்டு வாங்க, நான் காட்டறேன்.

அத்தை மேச்சேரி (8:41): ஆயாகிட்ட சொன்னேன். "கம்பு இந்நேரம் நல்லா ஊறியிருக்கும்"னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டாங்க.