புதுப் பள்ளிக்கூடம் வாற கதை எல்லாத்திலயும் அந்தப் பிள்ளை கடைசியில கப் அடிச்சே ஆகணுமா?

உவர்மலை வாசகி:
எட்டு வயசுல இருந்து பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு எழுதுற நாவல்களைத்தான் சொல்லுறன். மகள் இப்ப ஆறாம் ஆண்டு, அவளோட சேர்ந்து நானும் படிக்கிறன், எதை எடுத்தாலும் ஒரே மாதிரி. புதுசா ஒரு பிள்ளை வரும், எல்லாரும் பகிடி பண்ணுவாங்க, பிறகு ஓட்டத்திலயோ நாடகத்திலயோ வெல்லும், உடன எல்லாரும் பிரண்ட். இது பிள்ளையை ஏமாத்துற வேலை. திறமை காட்டினாத்தான் உனக்கு வகுப்பில இடம் எண்டு சொல்லிக் குடுக்குது. அஞ்சாம் ஆண்டு ஸ்கொலசிப், அதுதான் புலமைப்பரிசில் சோதினை, பாஸ் பண்ணி குச்சவெளி, மூதூர், தம்பலகாமம் எண்டு எத்தனை பிள்ளைகள் திருகோணமலை ரவுணுக்கு வருது, எல்லாரும் கப் அடிக்குதா?

டச்சுபே அண்ணன்:
அக்கா நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டன். பத்து வயசுப் பிள்ளை காலையில பள்ளிக்கூடம் பின்னேரம் ரியூசன் எண்டு ஓடி ராவு படுக்கும்போது புத்தகத்தை எடுக்குது, அதுக்குள்ளயும் போய் அழச் சொல்லுறீங்களா? வெல்லுறதும் கற்பனை இல்ல. முதலாம் தவணையில பள்ளிக்கூடத்து இல்லங்களுக்கு இடையில விளையாட்டுப் போட்டி வருது, இல்லக் கப்டன் நீ எந்த ஊர் எண்டா கேக்குறான், ஓடுவியா எண்டுதான் கேப்பான். கரையோரத்துப் பெடியன் ஒருத்தன் அஞ்சலோட்டத்தில கடைசியா ஓடி வென்ற பிறகு வகுப்பே அவனைச் சுத்தி நிண்டதை நான் கண்ணால பாத்திருக்கன்.

உவர்மலை வாசகி:
தம்பி, அஞ்சலோட்டத்தில ஓடுறது நாலு பேர். வகுப்பில மிச்சம் இருக்கிற புதுப்பிள்ளைக்கு என்ன கதை?

கிண்ணியா வாப்பா:
ரெண்டு பேரும் முடிவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க, எனக்கு நடுப்பகுதிதான் கோவம். "அவளுக்குத் தனிமையாக இருந்தது" எண்டு ஒரு வரி எழுதிப்போட்டு அடுத்த மாசத்துக்குப் போயிடுவாங்க. புதுப்பிள்ளைக்கு முதல் கிழமை எது பயம் எண்டு எழுதுறவருக்குத் தெரியணும், டொய்லட் எங்க எண்டு கேக்க வெக்கம், அசெம்பிளியில எல்லாரும் பாடுற பள்ளிக்கூடப் பாட்டு வராது வாயை மட்டும் அசைக்கிறது, கொண்டு வந்த புட்டை மூடியால மறைச்சுச் சாப்பிடுறது. எங்கட பக்கம் 2009ல பாலம் திறக்க முதல் பாதையில, அதுதான் அந்த மிதவையில, ஏறித்தான் ரவுணுக்கு வரணும், அது பிந்தினா நீயும் பிந்தி, கேட்டடியில நிண்டு நிண்டே ஒரு பிள்ளைக்குப் பட்டப்பேர் விழும். இதை எழுதினாலே பாதி நாவல்.

ரீச்சர், பாலையூற்று:
வாப்பா சொன்ன புட்டுக்கு ஆயிரம் லைக். வாசகி சொல்லுற மாதிரியும் புத்தகம் வராம இல்ல. ஜெரி கிராப்ட் எண்டவர்ட 'நியூ கிட்' எண்ட புத்தகம், 2020ல அமெரிக்காவில சிறுவர் புத்தகத்துக்குக் குடுக்கிற நியூபெரி பதக்கம் வாங்கினது, படமாவே கதை சொல்லுற கிராபிக் நாவல் ஒண்டுக்கு அந்தப் பதக்கம் கிடைச்சது அதுதான் முதல் தரம். ஒரு கறுப்பினப் பெடியன் தன்னைப் போல ஆக்கள் குறைஞ்ச ஒரு பிரைவேட் ஸ்கூலுக்குப் போறான். காணுறதை எல்லாம் கொப்பியில கார்ட்டூனாக் கீறிக்கொண்டே இருப்பான்.

டச்சுபே அண்ணன்:
பாத்தீங்களா ரீச்சர், அவனுக்கும் கீறத் தெரியுது! திறமை இல்லாத பிள்ளையை ஆர் கதையில வைக்கினம்?

ரீச்சர், பாலையூற்று:
அவன் கீறுறது மற்றவங்கட கைதட்டுக்கு இல்ல தம்பி, மனசில கிடக்கிறதை எங்கயாவது இறக்கி வைக்க. அஞ்சலோட்டம் அப்பிடி இல்ல, பாக்க ஆள் இல்லாட்டி அந்தப் பெடியனுக்கு வகுப்பில ஒண்டும் மாறாது. என்னைக் கேட்டா மாற வேண்டியது பழைய பிள்ளைகள்தான், ஏற்கனவே பெஞ்சில இருக்கிற பிள்ளை தானே கதை சொல்லுற மாதிரி ஒரு நாவல் தமிழில வரணும், பகிடி பண்ணின கூட்டத்தில தானும் சிரிச்சதை அந்தப் பிள்ளையே சொல்லணும்.

உவர்மலை வாசகி:
அதை நான் காசு குடுத்து வாங்குவன். எங்கட லைப்ரரியில சின்னாக்களுக்குப் படக்கதை இருக்கு, அடுத்த அலுமாரி நேரா சரித்திர நாவல், நடுவில பத்து பதினொரு வயசுக்கு ஒண்டும் இல்ல.

டச்சுபே அண்ணன்:
வரட்டும், நானும் படிப்பன். ஆனா கப் இல்லாட்டியும் கடைசிப் பக்கத்தில அந்தப் பிள்ளை அடுத்த நாள் பஸ் ஏற விரும்பணும், அதில நான் இறங்கி வர மாட்டன்.

கிண்ணியா வாப்பா:
விரும்பாமலே ஏறிப் போன பிள்ளைகளையும் எழுதுங்க தம்பி. அப்பிடிப் போய்ப் படிச்ச ஆக்கள்தான் எங்கட ஊரில கனபேர்.