யாழ்ப்பாணத்துக்குப் போன எங்கள் ஆல்டோ

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். போன வருடம் எங்கள் ஆல்டோ காரை யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு ஆசிரியைக்கு விற்றோம். தூரத்து ஆளுக்கு வாகனம் கொடுக்கத் தயங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் வந்தவர் அவர் இல்லை. விளம்பரம் போட்ட அன்று பின்னேரமே ஒருவர் போன் எடுத்தார். வெளிநாட்டில் வேலையாம், ஊரில் இருக்கும் அப்பாவுக்குக் கார் வேண்டுமாம். காரைப் பார்க்கவில்லை, விலையில் ஒரு ரூபா குறைத்தும் கேட்கவில்லை. “அக்கா, சீ.ஆரையும் அடையாள அட்டையையும் படம் எடுத்து அனுப்புங்கோ” என்றார். சீ.ஆர். என்பது வாகனத்தின் பதிவுச் சான்றிதழ். வங்கிக் கணக்கு இலக்கத்தை மட்டும் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வாட்ஸ்அப்பில் வைப்புச் சீட்டு ஒன்றின் படம் வந்தது. வங்கி முத்திரை, என் பெயர், முழுத் தொகை, எல்லாம் சரி. “காசு போட்டாச்சு, ட்ரைவர் வாறார், திறப்பைக் குடுத்து விடுங்கோ.” படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காசு என்ற பெட்டியில் ஒன்றுமில்லை, காசோலை என்ற பெட்டியில் புள்ளடி. காசோலையைப் போட்டவுடனே சீட்டு கிடைத்துவிடும். ஆனால் அது மாறிக் காசாவதற்கு அடுத்த வேலை நாளாவது வேண்டும், காசோலை எழுதியவரின் கணக்கில் பணம் இல்லாவிட்டால் திரும்பிவிடும். நடுவில் சனி, ஞாயிறு வேறு. “காசு வந்து சேர்ந்ததும் வரச் சொல்லுங்கள்” என்றேன். அதன் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவே இல்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ட்ரைவர் ஐந்து நிமிடம் முந்தி வாசலில் வந்து நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

ஆசிரியை இதற்கு நேர்மாறு. லீசிங் இருக்கிறதா, எங்கேயாவது அடிபட்டதா, ஏ.சி. எப்போது பார்த்தீர்கள் என்று ஒரு வாரம் கேள்விதான். வாங்கத்தான் போகிறார் என்ற நம்பிக்கை எனக்கு அந்தக் கேள்விகளால்தான் வந்தது. இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் பண்ணி வீடியோவில் காட்டச் சொன்னார். பின் பம்பரில் இருந்த கீறலை அவர் கேட்காமலே காட்டினேன். அவருக்குத் தெரிந்த கராஜ்காரர் ஒருவர் தெஹிவளையிலிருந்து வந்து ஓடிப் பார்த்தபோது என் கணவரும் பக்கத்தில் இருந்தார்.

தாயும் மகனுமாக இரவு பஸ்ஸில் வந்து விடியக் காலி வீதியில் இறங்கினார்கள். வீட்டில் முகம் கழுவி, இடியப்பம் சாப்பிட்டுவிட்டு வங்கி திறக்கும்போதே போனோம். அவர் கணக்கிலிருந்து என் கணக்குக்கு நேராகக் காசு மாற்றினார்கள். போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அதை மட்டும் நம்பாமல் என் கணக்கின் மீதியைப் பார்த்து உறுதிப்படுத்தினேன். அவர் கோபிப்பாரோ என்று கூச்சமாக இருந்தது. “வடிவாப் பாருங்கோ பிள்ளை, எனக்கும் அதுதான் நல்லது” என்றார்.

பிறகு கடுதாசி வேலை. உரிமை மாற்றும் எம்.டி.ஏ. 6 படிவத்தில் வாங்குபவர் பகுதியை வெறுமையாக விட்டு, விற்பவர் மட்டும் கையெழுத்து வைத்துக் கொடுப்பதைத்தான் ஓபன் பேப்பர் என்கிறோம். நாங்கள் இரண்டு பக்கத்தையும் அங்கேயே நிரப்பினோம். தனியாக ஒரு கடிதமும் எழுதினோம். திகதி, சேசி இலக்கம், மீட்டரில் இருந்த கிலோமீற்றர், திறப்பைக் கொடுத்த நேரம் காலை 10.40, சாட்சிக் கையெழுத்து இரண்டு. அந்த நேரத்தை எழுதியதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன், 10.41க்கு ஏதும் நடந்தால் கார் யார் கையில் இருந்தது என்று அது சொல்லும். யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், அவ்வளவு தூரம் என் பெயரிலுள்ள காப்புறுதியோடு ஓட விடவில்லை. மகன் அன்றே அம்மாவின் பெயரில் எடுத்துவந்த பிறகுதான் புறப்பட்டார்கள்.

வாகனம் கைமாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு 14 நாட்களுக்குள் அறிவிக்க எம்.டி.ஏ. 8 என்று ஒரு படிவம் இருக்கிறது. அன்றே பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

*

உங்கள் பதிவை வாசித்தேன் அக்கா, கொட்டாஞ்சேனையிலிருந்து நான். எங்கள் அப்பா அந்த எம்.டி.ஏ. 8 படிவத்தை அனுப்பவில்லை. வேனை வாங்கியவர் சொந்த ஊர்க்காரர், “தெரிந்த ஆள்தானே” என்று ஓபன் பேப்பரில் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்துக் குருநாகல் பக்கத்திலிருந்து பொலிஸ் அழைப்பு. வேன் ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. ஊர்க்காரர் அதை எப்போதோ இன்னொருவருக்கு விற்றுவிட்டார், அந்த ஆளும் இன்னொருவருக்கு. பதிவில் இருந்த பெயர் அப்பாவுடையது மட்டும்தான். சீனி வருத்தக்காரர், மூன்று தடவை பஸ் ஏறிப் போய்வந்தார். விற்றதற்கு ஒரு துண்டுக் கடிதம்கூட எங்களிடம் இல்லை.

*

வாசிக்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. அப்பா இப்போது சுகமா? எங்கள் ஆசிரியை போன மாதம் தன் பெயருக்கு மாறிய சீ.ஆரைப் படம் எடுத்து அனுப்பினார். அதைப் பிரின்ட் எடுத்து, தபால் பற்றுச்சீட்டோடும் கடிதத்தோடும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன்.